மின்கலம் மாண்டால் கணினியும் மாளவேண்டுமா?

தோட்டப்புற மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்தாகிவிட்டது. இனிமேல் படித்து முன்னேறுவது அவர்கள் பொறுப்பு என்றொரு பேச்சு நம் சமுதாயத்தில் சில ஆண்டுகளாக உலவி வருகிறது. மேடையேறும் பெரியவர்கள் அதைச் சொல்கிறார்கள். அவையில் அமர்ந்திருக்கும் நாமும் தலையசைக்கிறோம். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இப்பேச்சில் பாதி உண்மைதான் இருக்கிறது. எஞ்சிய பாதியைச் சொல்லுவாரைக் காணாததால் நான் சொல்லத் துணிகிறேன். மடிக்கணினி என்பது, அதனுள் இருக்கும் மின்கலம் உயிரோடு இருக்கும்வரைதான் மடிக்கணினி. பேட்டரி என்று நாம் வழக்கில் சொல்லும் அந்தச் சிறு பொருள் மாண்ட மறுநாளே, அது சுவரோடு கட்டிப்போட்ட ஒரு பெட்டியாகிவிடுகிறது. மழையில் மின்சாரம் நின்றால் அதுவும் நிற்கிறது. பாதி எழுதிய பாடமும் அதோடு போகிறது.

"கேமரன் மலைத் தமிழனுக்குத் தீராத சிக்கல்கள் ஆயிரம் இருக்க, எழுத்தாளன் மின்கலத்தைப் பற்றியா எழுதுவது?" என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். பசியைப் பற்றி எழுதலாம், அடுப்பைப் பற்றி எழுதக்கூடாது என்பது போன்ற கேள்வி இது. கல்விதான் நம்மைக் கரையேற்றும் என்று முக்கால் நூற்றாண்டாகச் சொல்லி வருகிறோம். அக்கல்வி இன்று எந்தக் கருவியின் வழியாகப் பிள்ளைகளிடம் போய்ச் சேருகிறதோ, அந்தக் கருவி ஏன் சாகிறது, யாரால் சாகிறது என்று கேட்பது மட்டும் எப்படி அற்பமாகும்?

என் அண்ணன் மகள் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் வளர்ந்தவள். 2020 மார்ச் 18ஆம் நாள் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டபோது, அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு கைப்பேசி. அதுவும் அவள் அப்பாவுடையது. மறு ஆண்டு ஒரு புண்ணியவான் வழியாக அவளுக்கு மடிக்கணினி ஒன்று கிடைத்தது. அன்றைக்கு அந்த வீட்டில் நிலவிய மகிழ்ச்சியை நான் கண்ணால் கண்டவன். மூன்று ஆண்டுகள் ஆவதற்குள், ஏறக்குறைய நான்கு மணிநேரம் உழைத்த அக்கருவி ஒன்றரை மணிநேரத்திற்கு இறங்கியது. மலையை விட்டிறங்கிப் பட்டணத்துக் கடையொன்றுக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "இதற்கெல்லாம் பேட்டரி தேடி மாட்டுவது வீண், புதிதாக ஒன்று வாங்குங்கள்" என்றார். வெளியே வந்ததும் அந்தப் பெண் என்னைக் கேட்டாள்: "திரை நன்றாக இருக்கிறது, விசைகள் நன்றாக இருக்கின்றன. ஒரு பாகம் தேய்ந்ததற்கு முழுவதையும் தூக்கிப்போடச் சொல்கிறாரே, இது என்ன கணக்கு, சித்தப்பா?"

அந்தக் கணக்கைத்தான் இங்கே பார்க்க விழைகிறேன்.

அன்றிரவு அக்கணினியிடமே மின்கல அறிக்கையைக் கேட்டு வாங்கினேன். விண்டோஸ் இயங்கும் எந்தக் கணினியிலும் ஒரே ஒரு கட்டளையில் இவ்வறிக்கை கிடைத்துவிடும். பிறந்தபோது மின்கலத்தின் கொள்ளளவு என்ன, இன்று முழுமையாக ஊட்டினால் எவ்வளவு கொள்கிறது என்ற இரண்டு எண்களை அது காட்டும். இந்தக் கருவி பிறந்தபோது 42 வாட்மணி. இன்று 17. திரையின் மூலையில் மட்டும் "100 விழுக்காடு நிறைந்தது" என்று எழுதியிருந்தது!

நிறைந்திருந்தும் குறைந்திருப்பது எப்படி என்று வியக்க வேண்டியதில்லை. கேமரன் மலைவாசிகளுக்கு இதைவிட எளிதில் விளங்கக்கூடிய செய்தி வேறில்லை. ரிங்லெட் நீர்த்தேக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பெர்த்தாம் ஆற்றை மறித்துச் சுல்தான் அபு பக்கார் அணை 1963ஆம் ஆண்டில் எழுந்தது. அணையின் உயரம் அன்றிருந்ததுதான். நீரின் மேல்மட்டமும் பார்வைக்கு அதேதான். ஆனால், மேலே சரிவுகளில் காடு வெட்டிப் பாத்தி போட்ட நிலங்களிலிருந்து பல பத்தாண்டுகளாக அரித்து வந்த மண் அடியில் படிந்துவிட்டது. தேக்கம் நிறைந்துதான் நிற்கிறது. கொள்ளும் நீரோ குறைந்துவிட்டது. மின்கலத்தினுள்ளும் இதுவே நடக்கிறது. லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதும் வருவதும்தான் அதன் உழைப்பு. இந்த மின்கலத்திற்கு அடித்தளமிட்ட ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. 1991இல் சோனி நிறுவனம் இதைக் கடைக்குக் கொண்டுவந்தது. போக்குவரத்தின்போது அயனிகளில் ஒரு சிறு பங்கு முனையின்மீது மெல்லிய ஏடாகப் படிந்து சிக்கிக்கொள்கிறது. சிக்கியது திரும்புவதில்லை. ஏடு தடிக்கத் தடிக்கக் கொள்ளளவு சுருங்குகிறது.

ஆகவே, தேய்வது இயற்கை. அதை எவரும் தடுத்து நிறுத்த இயலாது. ஆனால், அணையில் மண் எவ்வளவு விரைவாகப் படிகிறது என்பது மேலேயுள்ள சரிவை நாம் நடத்தும் விதத்தைப் பொறுத்தது அல்லவா? மின்கலமும் அப்படியே. வண்டலை விரைவுபடுத்தும் பகைவர்கள் முக்கியமாக இருவர். ஒருவர் வெப்பம், மற்றவர் எந்நேரமும் நூறு விழுக்காடு நிரம்பியிருத்தல். இவ்விருவரும் கைகோத்துக்கொண்டால் கேட்கவே வேண்டாம். மின்கலத் துறையில் பலரும் எடுத்தாளும் ஓர் அளவீட்டைச் சொல்கிறேன். 40 விழுக்காடு நிரப்பிய மின்கலத்தை 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஓராண்டு வைத்திருந்தால், அதன் கொள்ளளவில் 96 விழுக்காடு மிஞ்சும். அதே வெப்பத்தில் முழுக்க நிரப்பி வைத்தால் 80. வெப்பம் 40 பாகையானால், 40 விழுக்காடு நிரப்பியது 85 ஆகும். முழுக்க நிரப்பியது 65 ஆகும். தொடாமல் வைத்திருந்த மின்கலத்திற்கே இந்தக் கதி. வேலை வாங்கிக்கொண்டு வைத்திருந்தால் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இவ்விடத்தில் கேமரன் மலைக்கு இயற்கை ஒரு கொடை கொடுத்திருக்கிறது. தானா ராத்தா கடல் மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் 33, 34 பாகையில் மக்கள் வேர்க்கும்போது, இங்கே பகலில் 25 பாகையைத் தாண்டுவது அரிது. இரவில் போர்வை வேண்டும். நாட்டிலேயே மடிக்கணினி மின்கலம் நெடுங்காலம் வாழத் தக்க இடம் எதுவென்று கேட்டால், இந்தத் தேயிலைச் சரிவுதான் என்று நான் சொல்வேன். அப்படியிருந்தும் என் அண்ணன் மகளின் மின்கலம் ஏன் மூன்றாண்டுகூடத் தாங்கவில்லை?

அவள் படிக்கும் முறையைக் கேட்டபோது விடை கிடைத்தது. குளிருக்குக் கால்மேல் கம்பளியை விரித்து, அதன்மேல் கணினியை வைத்துத்தான் படிப்பாள். கணினியின் அடியில் உள்ள காற்றுத் துளைகளைக் கம்பளி அடைத்துவிடும். மலை முழுதும் குளிர்ந்திருக்க, மின்கலம் மட்டும் அடுப்பில் வைத்தாற்போல் வெந்துகொண்டிருந்தது. இணைப்புக் கம்பியையோ அவள் இரவும் பகலும் கழற்றுவதே இல்லை. "நிரம்பியிருந்தால் நல்லதுதானே" என்று எண்ணினாள். அவள்மேல் குற்றமில்லை. கொடுத்தவர் எவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவளுக்குப் புரிய வைக்கப் பெரிய விஞ்ஞானம் தேவைப்படவில்லை. கொழுந்தைக் கூடையில் அழுத்தித் திணித்தால் என்ன ஆகுமென்று அவள் பாட்டிக்குத் தெரியும். இலை உள்ளுக்குள்ளேயே சூடேறிச் சிவந்து கெட்டுப்போகும். தொழிற்சாலையில் இலையை வாட்டும்போதும், நொதிக்க வைக்கும்போதும் வெப்பம் மிஞ்சினால் தேயிலையின் குணமே போய்விடும். வெப்பமும் காலமும் ஒரு பொருளை எப்படி மாற்றும் என்பதை நாள்தோறும் கையால் தொட்டு அறிந்த குலம் இது. 1929இல் போ தோட்டமும் 1933இல் பாரத் தோட்டமும் தோன்றிய காலந்தொட்டு, இந்த மலையின் தேயிலை அந்த அறிவினால் வளர்ந்தது. அவ்வறிவு உள்ள வீட்டில் மின்கலத்தைப் பற்றிச் சொன்னால் புரியாது என்று எண்ணிக்கொண்டு சொல்லாமல் விடுவது, அம்மக்களை நாம் எவ்வளவு தாழ்வாக மதிக்கிறோம் என்பதையே காட்டுகிறது.

சிக்கனத்தை நம் முன்னோர்க்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருந்ததில்லை. மண்ணெண்ணெய் விளக்கில் பிள்ளை படித்து முடித்த கையோடு திரியைத் தாழ்த்தும் தாயை நாம் அறிவோம். தோட்டத்து மின்னாக்கி மாலையில் சில மணிநேரமே ஓடிய காலத்தில், அதற்குள் துணி தேய்த்துப் பாடம் முடித்த குடும்பங்களை அறிவோம். வானொலிப் பெட்டியின் மின்கலம் ஓய்ந்தால், அதைக் கழற்றி வெயிலில் காயவைத்து இன்னும் நாலு நாள் பாட்டுக் கேட்ட தாத்தாக்களையும் அறிவோம். அந்தக் காலத்துத் துத்தநாக மின்கலத்திற்கு அந்த வைத்தியம் ஓரளவு பலித்தது. இன்றைய லித்தியம் மின்கலத்தை வெயிலில் வைத்தால் அது கொலை. அதேபோல், "முழுக்க வற்றவிட்டு, பிறகு முழுக்க ஊட்டினால்தான் பேட்டரிக்கு நல்லது" என்பதும் பழைய நிக்கல் காட்மியம் மின்கலத்தோடு வந்த பாடம். அந்த மின்கலம் போய்விட்டது. பாடம் மட்டும் போகவில்லை. லித்தியம் மின்கலத்தை அடிக்கடி அடிமட்டம்வரை வற்றவிடுவது அதன் ஆயுளைக் குறைக்கும். சிக்கனம் என்ற குணம் நம்மிடம் இருக்கிறது. அதைச் செலுத்த வேண்டிய முறைதான் மாறியிருக்கிறது. முறையைச் சொல்லித்தர வேண்டியவர்கள் வாய்மூடி இருக்கிறார்கள்.

அவர்கள் சொல்லாததை நான் சொல்லிவிடுகிறேன்.

மின்கலம் நீடிப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று அன்றாட நீடிப்பு: ஒருமுறை ஊட்டினால் எத்தனை மணிநேரம் ஓடும் என்பது. மற்றது ஆயுள் நீடிப்பு: எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது. முதலாவது வெறும் வகுத்தல் கணக்கு. 42 வாட்மணி கொள்ளும் மின்கலத்திலிருந்து கணினி 14 வாட் இழுத்தால் 3 மணிநேரம். 7 வாட் இழுத்தால் 6 மணிநேரம். இழுப்பைப் பாதியாக்குவது கடினமன்று. திரையின் ஒளியே பெருந்தீனிக்காரன். அறைக்குள் படிக்கும்போது அதைத் தாழ்த்துவது, தாய் திரியைத் தாழ்த்தியதற்கு நிகர். பயன்படுத்தாத சாளரங்களை மூட வேண்டும். காணொளியாக ஓடும் பாடத்தைச் சிக்னல் நல்ல இடத்தில் ஒரே தடவையில் இறக்கி வைத்துக்கொண்டு, பிறகு இணைப்பைத் துண்டித்துப் பார்க்க வேண்டும். மலை மடிப்புகளில் சிக்னல் மெலிவாகக் கிடைக்கும் வீடுகளில், கைப்பேசி கோபுரத்தைத் தேடித் தேடியே தன் மின்கலத்தைத் தீர்த்துவிடும். அந்தக் கைப்பேசியிலிருந்து கணினிக்கு இணையம் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து ஓயும். மூடியை மடித்ததும் கணினி அணைந்துவிட்டது என்று எண்ணக்கூடாது. அது உறங்குகிறது, உறக்கத்திலும் தின்னும். நாளைவரை தேவையில்லையென்றால் முறையாக அணைக்க வேண்டும்.

ஆயுள் நீடிப்பிற்கும் விதிகள் சிலவே. சாதாரண மடிக்கணினி மின்கலங்கள் பல, 300 முதல் 500 முழுச் சுற்றுகள் வரையில் நல்ல நிலையில் உழைக்கும் என்று கணக்கிட்டே செய்யப்படுகின்றன. பாதி பாதியாக இருமுறை ஊட்டினாலும் அது ஒரு சுற்றுதான். ஆகவே, அடிக்கடி சிறுகச் சிறுக ஊட்டுவதால் கேடில்லை. பொதுவாக 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கவிடாமலும் 80 விழுக்காட்டுக்குமேல் ஏறவிடாமலும் வைத்திருப்பது நலம். லெனோவோ, ஆசுஸ், டெல் முதலிய பல நிறுவனங்களின் கணினிகளில், 80 விழுக்காட்டளவில் ஊட்டத்தை நிறுத்திவிடும் அமைப்பே உள்ளது. தேடிப்போய் அதை இயக்க வேண்டும், அவ்வளவுதான். நாளைக்குத் தேர்வு, மழையும் இருட்டிக்கொண்டு வருகிறது என்றால், அன்று மட்டும் தாராளமாக நூறு வரை ஊட்டலாம். விதி நமக்காக, நாம் விதிக்காக அல்லர். கணினியை மெத்தைமேலும் கம்பளிமேலும் வைக்காமல், மரப்பலகைமேல் வைக்க வேண்டும். அடுப்படியிலோ, வெயிலில் நிறுத்திய காருக்குள்ளோ விடக்கூடாது. நீண்ட விடுமுறையில் தொடப்போவதில்லையென்றால் பாதியளவு ஊட்டி அணைத்து வைக்க வேண்டும். அடிப்பாகம் உப்பியோ, தொடுபலகை மேலெழும்பியோ தோன்றினால், மின்கலம் வீங்கிவிட்டது என்று பொருள். அக்கணமே பயன்பாட்டை நிறுத்த வேண்டும். அதைக் குத்துவதோ, குப்பையோடு சேர்த்துக் கொளுத்துவதோ உயிருக்கே ஆபத்து. மின்னணுக் கழிவை 2005ஆம் ஆண்டின் விதிமுறைகள் அட்டவணைக் கழிவாகவே வகைப்படுத்தியுள்ளன. அதைச் சேகரிக்கும் இடத்தில்தான் ஒப்படைக்க வேண்டும்.

இவ்வளவுதான். ஒரு பாடவேளையில் சொல்லி முடித்துவிடலாம்.

இத்தோடு நான் நிறுத்திக்கொண்டால், "பார்த்தீர்களா, தவறு முழுதும் பயன்படுத்துவோரிடம்தான்" என்று வணிகர்கள் மகிழ்வார்கள். அந்த மகிழ்ச்சியை அவர்களுக்கு அளிக்க எனக்கு மனமில்லை. எவ்வளவு கண்ணும் கருத்துமாகப் பேணினாலும் ஒரு நாள் மின்கலம் ஓயத்தான் செய்யும். அந்த நாளில் என்ன நடக்க வேண்டும்? மிதிவண்டியின் சக்கரப்பட்டை தேய்ந்தால் பட்டையை மாற்றுகிறோம். கவ்வாத்துக் கத்தி மழுங்கினால் தீட்டுகிறோம். முன்னாளில் வந்த மடிக்கணினிகளில், அடியில் உள்ள ஒரு கொக்கியைத் தள்ளினால் மின்கலம் தனியே கையோடு வந்துவிடும். பள்ளிப்பிள்ளைகூட மாற்றலாம். இன்று மெலிவு, அழகு என்ற பெயரில் அதை உள்ளே வைத்து மூடிவிட்டார்கள். சிலவற்றில் திருகாணி, சிலவற்றில் பசை. மின்கலம் தேய்வது இயற்கையின் செயல் என்று முன்னே ஒப்புக்கொண்டேன். மின்கலத்தோடு கணினியும் சாக வேண்டும் என்பது வணிகர் எழுதிய விதி. அந்த விதியைப் பட்டணத்துக் கடைக்காரர் என் அண்ணன் மகளிடம் ஒப்பித்தார். அவ்வளவே.

புதிதாக ஒன்று வாங்குங்கள் என்பது அவர் நாவுக்கு எளிது. 2025 பிப்ரவரி முதல் நாள் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச ஊதியம் மாதத்திற்கு 1,700 வெள்ளி. புதுக் கணினியின் விலை அந்த ஊதியத்தில் ஒரு மாதத்தையே விழுங்கிவிடும். மாற்று மின்கலமோ சில நூறு வெள்ளியில் முடியும் காரியம். ஒரு குடும்பத்தின் ஒரு மாதச் சோற்றை ஒரு சிறு பாகத்தின் பெயரால் கேட்பதற்கு வணிகம் என்று பெயரிடலாம்; நியாயம் என்று பெயரிட முடியாது.

உலகம் இதை உணரத் தொடங்கியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023ஆம் ஆண்டில் இயற்றிய மின்கலச் சட்டம், 2027 பிப்ரவரி 18 முதல், சில விலக்குகள் நீங்கலாக, கையடக்கக் கருவிகளின் மின்கலங்களை அவற்றைப் பயன்படுத்துவோரே எளிதில் கழற்றி மாற்றக்கூடியவாறு செய்ய வேண்டும் என்று விதித்திருக்கிறது. ஐரோப்பியனுக்குத் திறக்கும் கணினி மலேசியனுக்கு மட்டும் ஏன் திறக்காது? நம் நாட்டிலும் சட்டம் அறவே இல்லாமல் இல்லை. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, விற்ற பொருளுக்குப் பழுதுபார்க்கும் வசதியும் மாற்றுப் பாகங்களும் நியாயமான காலம்வரை கிடைக்க வேண்டும் என்ற உத்தரவாதத்தைப் பேசுகிறது. அவ்வசதி கிடையாது என்று விற்கும்போதே சொல்லிவிட்டால் தப்பித்துக்கொள்ள அதே சட்டத்தில் வழியும் இருக்கிறது. ஆகவே, வாங்கும்போதே "இதற்கு மின்கலம் எத்தனை ஆண்டு கிடைக்கும்?" என்று கேட்டு, விடையை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது அறிவுடைமை. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்குப் பதிய 5 வெள்ளிதான் கட்டணம், வழக்கறிஞரும் வேண்டியதில்லை. அந்தக் கதவை நம்மில் எத்தனை பேர் தட்டியிருக்கிறோம்?

இனி, கொடையாளர்களிடம் வருகிறேன். கொடுப்பவரைக் குறை கூறுவது நன்றிகேடு என்பார்கள். 2021ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் 150,000 மாணவர்களுக்குக் கணினி வழங்க 15 கோடி வெள்ளி அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் அரை கோடிக்கும் மேற்பட்ட மாணவர்களைச் சென்றடைந்தது. இவை பெருஞ்செயல்கள், மறுப்பவன் நானல்லன். எந்த ஒரு திட்டத்தையும் சுட்டி நான் பேசவில்லை. ஊர்ச் சங்கம் முதல் அரசாங்கம் வரை, கொடுக்கும் கை எதுவாயினும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியைத்தான் முன்வைக்கிறேன். கணினி கைமாறும் நாளில் மாலை, பொன்னாடை, நிழற்படம், நன்றியுரை எல்லாம் உண்டு. மூன்றாம் ஆண்டில் மின்கலம் ஓயும் நாளில் யார் வருகிறார்கள்? பிரமுகரின் தேதிக்காகப் பெட்டிகள் வெப்பம் மிகுந்த கிடங்கில் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தால், மின்கலம் மாணவன் கையைத் தொடுமுன்பே முதுமையெய்திவிடும் என்பதை விழாக் குழுவில் எவராவது எண்ணிப் பார்க்கிறார்களா?

மாடு கொடுத்தவன் புல்லுக்கும் வழி சொல்ல வேண்டும். பேணும் அறிவும், தேய்ந்தபின் மாற்றும் வழியும் இல்லாத கணினிக் கொடை, மூன்று ஆண்டு வாடகைக்கு விட்ட நம்பிக்கைதான்.

ஆகவே, மூன்று தரப்பாரிடம் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். முதலாவது, கொடை வழங்கும் இயக்கங்களுக்கும் அமைப்புகளுக்கும்: கணினி தேர்ந்தெடுக்கும்போது விலையையும் வேகத்தையும் மட்டும் பாராதீர்கள். மின்கலம் திருகாணியில் இருக்கிறதா, பசையில் இருக்கிறதா, ஐந்தாண்டு காலத்துக்கு மாற்று மின்கலம் கிடைக்குமா என்று கேளுங்கள். நூறு பேருக்குக் கொடுக்கும் பணத்தில் எண்பது பேருக்குக் கணினியும், அந்த எண்பது பேருக்கும் மூன்றாம் ஆண்டில் ஒரு மின்கலமும் கொடுங்கள். எண்ணிக்கை குறைந்தால் செய்தித்தாளில் தலைப்பு சிறுக்கும். பிள்ளைகளின் படிப்பு சிறுக்காது. இரண்டாவது, தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும்: மேலே சொன்ன விதிகளை நல்ல தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு, கணினியின் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு மாணவரின் மின்கல அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். உடல் எடையைக் குறித்து வைக்கிறோமே, அதுபோல. மூன்றாவது, தோட்டத்து இளைஞர்களுக்கும் ஆலய நிர்வாகங்களுக்கும்: ஒரு திருகாணித் தொகுதியும், முறையாகப் பயின்ற இரண்டு இளைஞர்களும் ஒரு தோட்டத்திற்குப் போதும். உரிய எண்ணுடைய மின்கலத்தை நம்பகமான இடத்தில் வாங்கி மாற்றும் கைத்தொழில் நம் பிள்ளைகளுக்கு எட்டாததன்று. திருவிழா வரவில் ஒரு சிறு பங்கு இதற்குப் போனால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

"இவ்வளவு பேணிப் பேணி ஒரு பழைய கணினியை ஓட்டுவது கஞ்சத்தனமல்லவா? உலகம் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறதே" என்று சொல்லுவாரும் உளர். கஞ்சத்தனம் என்பது தேவையான இடத்தில் செலவழிக்க மறுப்பது. தேவையற்ற செலவை மறுப்பதற்குப் பெயர் தன்மானம். இந்த மலையின் நீர்தான் குழாய்களில் இறங்கிச் சுல்தான் யூசோப் மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றி, 1963 முதல் கீழ்நாட்டுக்கு மின்சாரம் கொடுத்து வருகிறது. அவ்வணைக்குள் விழுந்த வண்டலை அள்ளுவதற்குப் பெரும்பொருள் செலவிடுகிறார்கள். அணை பழையதாகிவிட்டது, புதிதாக ஒன்று கட்டுங்கள் என்று எவரும் சொல்வதில்லை. பெரியவர்களின் அணைக்கு ஒரு நீதி, தோட்டத்துப் பிள்ளையின் மின்கலத்திற்கு ஒரு நீதியா?

என் அண்ணன் மகளின் கணினி சாகவில்லை. அதன் அடியில் இருந்தவை திருகாணிகள்தாம். எண் பார்த்து மின்கலம் தருவித்தோம். அரைமணி நேரத்தில் மாற்றி முடித்தோம். செலவு, புதுக் கணினி விலையில் ஒரு சிறு பங்கு. இப்போது கம்பளி கால்மேல் இருக்கிறது; கணினி பலகைமேல் இருக்கிறது. ஊட்டம் 80இல் நிற்கிறது. அவள் அப்படிப் பேணிக்கொள்வது எனக்கு மகிழ்ச்சியே. ஆனால், சித்தப்பன் ஒருவன் வாய்த்ததால் ஒரு பிள்ளைக்குக் கிடைத்த வழி, வாய்க்காத பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும். அதற்கு ஏற்பாடு செய்யும்வரை, கணினி கொடுத்துவிட்டோம் என்று நாம் மேடையில் மார்தட்டிக்கொள்ளத் தகுதியுடையவர்கள் அல்லோம்.